மரத்துப் போச்சு, மறந்து போகல

— இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க சார்.

— ஏன் டாக்டர், உங்க ரூம்ல காலண்டர் இல்லையா? அதோ, உங்க தலைக்குப் பின்னாடியே தொங்குதே.

— காலண்டரைப் பாக்காம சொல்லுங்க.

— பாக்காம சொன்னா பரிசு ஏதாவது உண்டா? செவ்வாய்க்கிழமை.

— சரி. இப்ப மூணு பொருளோட பேர் சொல்றேன், மனசுல வெச்சுக்கங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பக் கேப்பேன். சாவி, குடை, நாற்காலி.

— வாங்கிட்டு வரணுமா?

— ஏங்க, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. டாக்டர் என்ன உங்ககூட டீ குடிக்க வந்தவங்களா?

— பாத்தீங்களா டாக்டர்? கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு. ஸ்கூல்ல அத்தனை பசங்களும் தப்பிச்சுட்டாங்க. மாட்டிக்கிட்டது நான் ஒருத்தன்தான்.

— ஆனாலும் தேற மாட்டேங்கறார் டாக்டர்.

— இருங்கம்மா, இதோ உங்க பாடமே வருது. சார், நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வாங்க பாக்கலாம்.

— இதென்ன அநியாயம் டாக்டர்? கை வலின்னு வந்தவனைக் கணக்குப் போடச் சொல்றீங்க? அதுவும் இவ பக்கத்துல உக்காந்திருக்கறப்ப! தொண்ணூத்து மூணு. எண்பத்தாறு. எழுபத்து... எழுபத்து...

— ஒன்பது.

— அம்மா, நீங்க சொல்லக் கூடாது.

— மன்னிச்சுக்கங்க டாக்டர். வாயில தானா வந்துடுச்சு.

— ஒரு நிமிஷம். சார், இப்ப என்ன சொன்னீங்க? கை வலியா?

— பின்ன? இதோ, இந்த இடது கை. ராத்திரியானா மரத்துப் போகுது, தூங்க முடியலன்னு போன்ல விலாவாரியா சொல்லித்தானே நேரம் வாங்கினேன்?

— ரிசப்ஷன்ல எனக்குச் சொன்னது வேற சார். பெரியவருக்கு ராத்திரியானா மறந்து போகுது, ரொம்ப அவஸ்தைப்படறாருன்னு சொன்னாங்க.

— மறந்தா? ஐயையோ! மரத்து! மரத்து டாக்டர்! மரக்கட்டை மாதிரி மரத்து!

— ஹா... ஹா ஹா... ஐயோ, வயிறு வலிக்குது எனக்கு. ஏங்க, போன்ல பேசறப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? பல்லு விளக்கிக்கிட்டு இருந்தீங்க. வாய் பூரா நுரை. துப்பிட்டுப் பேசுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீங்களா?

— சிரிக்காத டீச்சரம்மா. டாக்டர், உங்களுக்குத் தெரியாது, நான் ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்லியே ரிட்டயர் ஆனவன். மைக்கைப் பிடிச்சேன்னா ஸ்டேஷனே நிமிந்து உக்காரும். எத்தனை வண்டி, எத்தனை பிளாட்பாரம்! என் வார்த்தையைத் தப்பாக் கேட்டு ஒரே ஒரு ஆள் வண்டியை விட்டிருப்பானா? கடைசில பாருங்க, என் வண்டியே தப்புப் பிளாட்பாரத்துல வந்து நிக்குது.

— பிளாட்பாரம் தப்பில்ல சார். நான் நரம்பு டாக்டர். மறதிக்கும் நான்தான், மரத்துப் போறதுக்கும் நான்தான். நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க.

— அப்பாடா. அப்ப அந்த சாவி, குடை, நாற்காலியை இறக்கி வெச்சுடலாமா? தலை கனக்குது.

— தாராளமா இறக்குங்க. ஞாபகமெல்லாம் ஜோராத்தான் இருக்கு. கையை மேசை மேல வைங்க. எந்தெந்த விரல்?

— கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மோதிர விரல்ல பாதி. சுண்டுவிரல் மட்டும் எனக்கென்னன்னு உக்காந்திருக்கு.

— எப்படி இருக்கும்?

— முதல்ல எறும்பு ஊரும். அப்புறம் ஊசி குத்தும். அப்புறம் ஒன்னுமே தெரியாது. முழிச்சுப் பாத்தா, இது என் கைதானா, இல்ல யாராவது மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்களான்னு சந்தேகமா இருக்கும்.

— எழுந்து உதறுவீங்களா?

— உதறினாத்தான் கொஞ்சம் உயிரே வரும்.

— அந்த உதறல்ல ஒரு நாள் என் மூக்குக் கண்ணாடி பறந்து போய் அலமாரிக்கு அடியில விழுந்துடுச்சு டாக்டர்.

— பகல்ல எப்படி சார்?

— பகல்ல பரவாயில்ல. சட்டைப் பொத்தான் போடறப்ப விரல் வழுக்கும். எப்பவாவது டம்ளர் நழுவும்.

— எப்பவாவதா? வீட்டுல இருந்த கண்ணாடி டம்ளரெல்லாம் போயாச்சு டாக்டர். இப்ப எல்லாம் ஸ்டீல்தான். கீழ விழுந்தா சத்தத்தோட போயிடும்.

— சரி. ரெண்டு கையோட பின்பக்கத்தையும் ஒன்னோட ஒன்னு ஒட்டி வைங்க சார். விரலெல்லாம் தரையைப் பாக்கணும். அப்படித்தான். மணிக்கட்டு நல்லா மடங்கட்டும். நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க.

— கும்பிட்டைத் தலைகீழாப் போட்ட மாதிரி இருக்கே. இதுல என்ன... ஆ, வருது டாக்டர். வருது வருது.

— என்ன வருது?

— தயவுசெய்து கவனிக்கவும். மணிக்கட்டிலிருந்து புறப்பட்டு கட்டைவிரல் வழியாக நடுவிரல் வரை செல்லும் எறும்பு எக்ஸ்பிரஸ் இன்னும் சற்று நேரத்தில்...

— போதும் போதும், கையை எடுத்துடுங்க. அம்மா, வீட்டுலயும் இப்படித்தானா?

— குக்கர் விசில் அடிச்சாக்கூட அறிவிப்பு வரும் டாக்டர்.

— சார், விஷயம் இதுதான். மணிக்கட்டுல உள்பக்கமா ஒரு குறுகலான வழி இருக்கு. விரலுக்குப் போற நரம்பு அது வழியாத்தான் போகணும். கூடவே தசைநார்கள் வேற. மணிக்கட்டு ரொம்ப நேரம் மடங்கியே இருந்தா அந்த வழி இறுகி நரம்பு நசுங்குது. வயசானவங்களுக்கு நிறைய வர்றதுதான்.

— நெரிசல்.

— நெரிசலேதான். சுகர், தைராய்டு இருந்தாலும் வரும். அதனால ரத்தம் பாத்துடலாம். பயப்பட ஒன்னுமில்ல, ஆனா அலட்சியமா விடக் கூடாது. விட்டுட்டா கட்டைவிரலுக்கு அடியில இருக்கற இந்தச் சதை வத்திப் போயிடும். அப்புறம் உணர்ச்சி திரும்பி வர்றது ரொம்பக் கஷ்டம்.

— அதைத்தான் கேக்க வந்தேன் டாக்டர். வலி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், தாங்கிக்கறேன். விரல் நுனிக்கு உணர்ச்சி வரணும். எனக்கு அது ஒன்னு போதும். தொட்டா தெரியணும்.

— வந்துடும். சுலபமான வைத்தியம்தான். ராத்திரி படுக்கறப்ப மணிக்கட்டுல ஒரு பட்டை கட்டிக்கணும். உள்ள தகடு இருக்கும், மணிக்கட்டை மடங்க விடாது. தினமும் கட்டிக்கிட்டுத் தூங்குங்க. கொஞ்ச வாரத்துலயே வித்தியாசம் தெரியும்.

— ராத்திரியா?

— ராத்திரிதான்.

— பகல் பூராக் கட்டிக்கறேனே டாக்டர். பல்லு விளக்கறப்பகூடக் கழட்ட மாட்டேன்.

— ராத்திரி மடங்கறதைத் தடுக்கத்தானே சார் அது?

— அப்ப ஊசி போட்டுடுங்க. இல்லன்னா ஆபரேஷனே பண்ணிடுங்க. ராத்திரிப் பட்டை மட்டும் வேண்டாம்.

— கேளுங்க டாக்டர் இந்தக் கூத்தை! ஊசின்னா பக்கத்துத் தெருவுக்கு ஓடற மனுஷன், ஆபரேஷனாம்! ஏங்க, ஒரு பட்டை கட்டிக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடும்?

— உனக்கு ஒன்னும் தெரியாது, நீ சும்மா இரு.

— ஊசி, ஆபரேஷன் எல்லாம் இருக்கு சார், தேவைப்பட்டா பாக்கலாம். ஆனா எனக்கு ஒன்னு புரியல. மைக் எந்தக் கையில பிடிப்பீங்க?

— வலது.

— எழுதறது, பாரம் தூக்கறது?

— எல்லாமே வலதுதான். இடது கை மகாராஜா. காலம் பூரா சும்மாவே உக்காந்திருந்தது.

— அதான் கேக்கறேன். உழைச்ச கை நல்லா இருக்கு, சும்மா இருந்த கை நசுங்கியிருக்கு. எப்படிப் படுப்பீங்க? கையைத் தலைக்கு அடியில வெச்சுக்குவீங்களா?

— இல்லையே. எல்லாரையும் மாதிரித்தான் படுப்பேன்.

— அம்மா, நீங்க சொல்லுங்க. இடது கையை என்ன பண்றார்?

— எனக்கு எப்படி டாக்டர் தெரியும்? படுத்தா தூங்கிடுவேன். தூங்க விட்டாத்தானே! நடுராத்திரியில எழுப்பி எழுப்பிக் கேள்வி கேப்பார்.

— என்ன கேள்வி?

— ஏய், அதெல்லாம் இப்ப எதுக்கு?

— கேஸை மூடினியாம்பார். மூடினேன்னு சொல்லுவேன். கொஞ்ச நேரம் கழிச்சு, கதவைப் பூட்டினியாம்பார். பூட்டினேம்பேன். விடியறதுக்குள்ள மறுபடியும் கேஸை மூடினியாம்பார். ஒரு நாள் எழுப்பி, நமக்குப் பையன் ஒருத்தனா ரெண்டு பேரான்னு கேட்டார் டாக்டர்!

— தூக்கக் கலக்கத்துல வேற கேள்வி கிடைக்கல...

— தினமுமா கேக்கறார்?

— ஒரு நாள் தப்பாது.

— சார், நாம எண்பத்தாறு வரைக்கும் வந்திருந்தோம் இல்ல...

— ஐயையோ, மறுபடியும் மொதல்லேர்ந்தா! டாக்டர், சத்தியமா எனக்கு மறதி கிடையாது. சாவி, குடை, நாற்காலி! பையன் ஒருத்தன்தான்! அவனுக்கு வழுக்கைகூட விழுந்துடுச்சு!

— அப்ப ஒரே கேள்வியைத் தினமும் எதுக்கு சார் கேக்கறீங்க?

— அது வந்து...

— நீங்க பொறுமையா விசாரிங்க டாக்டர். நான் போய், ரத்தம் குடுக்க வெறும் வயிறா இருக்கணுமான்னு கேட்டுட்டு வந்துடறேன். ஏங்க, நல்ல பிள்ளையா பதில் சொல்லணும், தெரிஞ்சுதா?

— கதவைச் சாத்திட்டுப் போ... போயிட்டாளா? டாக்டர், கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்.

— போயிட்டாங்க சார். சொல்லுங்க.

— அவளுக்குத் தெரியவே கூடாது.

— என் வாயிலேர்ந்து வராது.

— போன வருஷம் அவளுக்கு இதயத்துல ஆபரேஷன் ஆச்சு. நல்லபடியா முடிஞ்சுது. இதயம் புதுசு மாதிரி இருக்கு, மலையே ஏறலாம்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. அவளும் நல்லாத்தான் இருக்கா, பாத்தீங்களே, என்னை என்ன போடு போடறா! ஆனா எனக்குத்தான் மனசு ஆறல டாக்டர். ராத்திரி அவ அசையாம படுத்திருந்தா நான் எழுந்து உக்காந்துடறேன்.

— ம்.

— வீட்டுக்கு வந்த அன்னைக்கு ராத்திரி, அவ தூங்கினப்புறம், மெதுவா மணிக்கட்டைப் பிடிச்சு நாடி பாத்தேன். ஆஸ்பத்திரியில பாப்பாங்களே, அந்த மாதிரி. டக் டக்னு அடிச்சுது பாருங்க... அந்தத் துடிப்புக்கு மேல எனக்கு என்ன வேணும்? ஆனா மறுநாள்லேர்ந்து கிடைக்கவே மாட்டேங்குது.

— தினமும் தேடறீங்களா?

— அவ எனக்கு இடது பக்கம்தான் படுப்பா. இந்தக் கையைத்தான் நீட்டணும். அப்படிப் பிடிச்சு, இப்படிப் பிடிச்சு, கையை வளைச்சு, முறுக்கி... ஒன்னும் தெரியாது. பிடிச்ச பிடியிலயே கண் அசந்துடுவேன். முழிச்சா கை மரக்கட்டை. மரத்த விரலை வெச்சு எங்கேர்ந்து நாடி பாக்கறது? பயம் வந்துடும். உடனே எழுப்பி, கேஸை மூடினியான்னு கேட்டுடுவேன்.

— ஓ...

— மூடினேன்னு அவ எரிஞ்சு விழுவா பாருங்க, அப்பத்தான் எனக்கு மூச்சு வரும். கேஸ் கிடக்கட்டும் டாக்டர். அவ குரல் வரணும். பட்டையைக் கட்டிட்டா கையை வளைக்க முடியாது. கட்டலேன்னா விரல் செத்துடும்னு சொல்றீங்க. நான் எந்தப் பக்கம் போறது?

— தண்ணி குடிங்க சார். குடிச்சாச்சா? இப்ப இந்தாங்க, என் கை. அதே இடது கையால என் நாடியைப் பிடிங்க.

— உங்களோடதா?

— பிடிங்க.

— ம்... இங்க... இல்ல, இன்னும் கொஞ்சம் கட்டைவிரல் பக்கம்... அட! கிடைச்சுடுச்சு டாக்டர்! கொஞ்சம் மந்தமாத்தான் தெரியுது, ஆனா தெரியுது!

— பாத்தீங்களா, விரல் இன்னும் வேலை செய்யுது. இடமும் சரியாத்தான் பிடிக்கறீங்க.

— அப்ப அவ கையில ஏன் கிடைக்க மாட்டேங்குது? டாக்டர்... அவளுக்கு நாடி குறைஞ்சுக்கிட்டு வருதா? சொல்லுங்க, மறைக்காதீங்க.

— அதுக்குள்ள முடிவு கட்டாதீங்க. வரட்டும், நானே பாக்கறேன்.

— ஏங்க, உங்களைத்தான் கூப்பிடறாங்க. சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லையாம். என்ன இது, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? ஊசின்னதும் பயமா?

— பயமெல்லாம் இல்ல. நீ இங்கயே உக்காரு. டாக்டர் உன்னையும் ஒரு நிமிஷம் பாக்கணும்னாங்க.

— என்னை எதுக்கு?

— கூட வர்றவங்களையும் பாப்பாங்களாம். இங்க அதுதான் வழக்கமாம். இல்லையா டாக்டர்?

— ஆமாம்மா, உக்காருங்க.

— டாக்டர், தயவுசெய்து கவனிக்கவும்.

— கவனிக்கறேன் சார். நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க... கையைக் குடுங்கம்மா.

— குடுக்கறேன். சொல்லிட்டாரா?

— என்னத்தை?

— ராத்திரி என் கையைப் பிடிச்சுக்கிட்டு மல்லுக்கட்டறதை.

— உங்களுக்குத் தெரியுமா?

— கையை அந்த முறுக்கு முறுக்கினா செத்தவகூட எழுந்துடுவா டாக்டர். தெரியாமலா இருக்கும்? அவரா வாயைத் திறந்து சொல்லட்டும்னுதான் உங்ககிட்ட மாட்டி விட்டுட்டு வெளியில போனேன்.

— கேஸ் கேள்வியும் எதுக்குன்னு தெரியுமா?

— தெரியும். அதனாலதான் கொஞ்சம் கோபமாவே பதில் சொல்லுவேன். மெதுவா சொன்னா அதுக்கும் பயந்துடுவார்.

— நாடி அருமையா இருக்கும்மா. தொட்ட உடனே விரலைத் தூக்கி அடிக்குது. இவ்வளவு நல்லா இருக்கறது அவருக்கு எப்படிக் கிடைக்காம போகும்? இப்ப என் கையில சட்டுனு கண்டுபிடிச்சாரே.

— கண்டுபிடிச்சாரா? கெட்டிக்காரர்தான்.

— சிரிக்காதீங்கம்மா. அந்தத் தேடல்லதான் அவர் கை நசுங்குது. பட்டை கட்டியே ஆகணும், அவர் கட்ட மாட்டேங்கறார்.

— அவ்வளவு தூரத்துக்கு ஆயிடுச்சா? நிஜமாவே உணர்ச்சி போயிடுமா டாக்டர்?

— இப்படியே விட்டா போயிடும்.

— ஐயோ... நான் ஏதோ வயசாயிடுச்சு, ரத்த ஓட்டம் சரியில்லன்னு நினைச்சேன். இன்னைக்கே பட்டையைக் குடுங்க. நானே கட்டி விடறேன். இனிமே அவருக்கு வளைக்காம முறுக்காம உடனே நாடி கிடைக்கும்.

— எப்படிம்மா கிடைக்கும்?

— திட்ட மாட்டீங்களே? அவருக்கு வேலை இருந்த காலம் பூரா ராத்திரி ஷிப்ட் டாக்டர். ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் வண்டி எப்ப வரும்னு அவர் சொல்லிக்கிட்டு இருப்பார், நான் பையனை அணைச்சுக்கிட்டுத் தூங்குவேன். ரிட்டயர் ஆனப்புறமும் அவர் பக்கம் அவர், என் பக்கம் நான். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவர் தூங்கினதே கிடையாது.

— சரி...

— ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கு என் கையைத் தேடிப் பிடிச்சார். எனக்கு அழுகையே வந்துடுச்சு, கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன். நாடி கிடைச்ச மறு நிமிஷமே பொத்துனு கையை விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விட ஆரம்பிச்சுட்டார். அதனால மறுநாள்லேர்ந்து, அவர் பிடிச்ச உடனே, நாடி சிக்காம நான்தான் கையைத் திருப்பித் திருப்பி வெச்சுக்கறேன்.